பொய்ப் பலகைக்கும் பொய் விளம்பரத்துக்கும் யாழ்ப்பாணத்தில் எங்கே, எப்படி முறையிடுவது

கடை வாசலில் கட்டியிருக்கும் பதாகை "அனைத்துப் பொருட்களுக்கும் 50% கழிவு" என்கிறது. உள்ளே போய்க் கேட்டால் ஒரு மூலையில் தொங்கும் பழைய சேட்டுகளுக்கு மட்டும்தான் கழிவு. கோபத்தில் படம் எடுத்து முகநூலில் போடுவோர் சிலர். மாநகர சபைக்குத் தொலைபேசி எடுப்போர் சிலர். இரண்டாலும் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. முகநூல் பதிவை எந்த அலுவலரும் முறைப்பாடாக ஏற்கத் தேவையில்லை. மாநகர சபைக்கோ, அந்தப் பதாகையில் எழுதியிருப்பது உண்மையா பொய்யா என்று பார்ப்பது வேலையே இல்லை.

முறைப்பாடுகள் கிடப்பில் போவதற்கு முதற்காரணம் அவை பிழையான மேசைக்குப் போவது. இரண்டாவது காரணம், "ஏமாத்துறாங்கள்" என்பதைத் தவிர அதில் வேறொன்றும் எழுதப்படாதது. இந்த இரண்டையும் சரிசெய்தால் மிச்சம் பெரிய வேலை இல்லை.

பலகை நிற்கும் இடமா, பலகை சொல்லும் சொல்லா?

முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். பலகை நடைபாதையை மறிக்கிறது, சந்தியில் வரும் வாகனத்தை மறைக்கிறது, அனுமதி இல்லாமல் மின்கம்பத்தில் கட்டப்பட்டிருக்கிறது, காற்றுக்கு விழும் நிலையில் இருக்கிறது என்றால் அது இடப் பிரச்சினை. உள்ளூராட்சி சபை பார்க்க வேண்டியது. விளம்பரப் பலகைக்கு அனுமதி கொடுப்பதும், அளவுக்கேற்பக் கட்டணம் அறவிடுவதும், அனுமதி இல்லாததை அகற்றுவதும் சபையின் அதிகாரம்.

பலகையில் இருக்கும் விலை, கழிவு, தரம், உத்தரவாதம், "அரச அங்கீகாரம்" பொய் என்றால் அது சொல் பிரச்சினை. அதைப் பார்ப்பது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைப் பிழையாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை வியாபாரி செய்யக்கூடாது என்கிறது. "ஏமாற்றக்கூடிய" நடத்தையும் அதற்குள் அடங்கும். அதாவது நீங்கள் காசு கொடுத்து ஏமாந்திருக்க வேண்டும் என்றில்லை, பலகை இருந்தாலே முறையிடலாம். 31ஆம் பிரிவு பொய்யான கூற்றுகளைப் பற்றியது: பழையதைப் புதியது என்பது, இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்வது, இல்லாத உத்தரவாதத்தை இருப்பதாகக் காட்டுவது.

ஒரே பலகையில் இரண்டும் பிழையாக இருக்கலாம். அப்படியானால் இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பினால், "அவர்கள் பார்ப்பார்கள்" என்று இரு பகுதியும் சும்மா இருக்க வாய்ப்பு அதிகம்.

யாருடைய எல்லை?

யாழ் மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள்: ஒரு மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுமாறுவது மாநகர எல்லையில். பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி பட்டினத்தோடு ஒட்டியிருந்தாலும் திருநெல்வேலிச் சந்தை நல்லூர் பிரதேச சபைக்குரியது. ஆனால் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலடி மாநகர சபை எல்லைக்குள். பெயரைப் பார்த்து மாறி எழுதிவிடாதீர்கள். சுன்னாகம் வலிகாமம் தெற்கு, மானிப்பாய் வலிகாமம் தென்மேற்கு, கோப்பாய் வலிகாமம் கிழக்கு, நெல்லியடி வடமராட்சி தென்மேற்கு. சந்தேகம் என்றால் பக்கத்துக் கடையின் வியாபார அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும், எந்தச் சபை கொடுத்தது என்று தலைப்பிலேயே இருக்கும்.

பலகை பெருவீதியின் ஓரத்தில் நின்றால் இன்னொரு சிக்கல். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை (ஆர்.டி.ஏ.), கண்டி வீதி போல. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மற்ற ஒழுங்கைகள் பெரும்பாலும் சபைக்கு. வீதி ஒதுக்குக்குள் நிற்கும் பலகையைப் பற்றிச் சபைக்கு எழுதும்போது வீதிக்குப் பொறுப்பான நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போடுங்கள். "அது ஆர்.டி.ஏ.யின் வீதி" என்ற பதில் வரமுன்னமே அடைத்துவிடலாம்.

சபைக்கு எழுதும்போது மாநகர சபையென்றால் ஆணையாளருக்கு, நகர, பிரதேச சபையென்றால் செயலாளருக்கு முகவரியிடுங்கள். முதல்வரும் தவிசாளரும் மாறுவார்கள். கோப்பு ஆணையாளரிடமும் செயலாளரிடமும்தான் தங்கும். விரும்பினால் உங்கள் வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி.

சொல் பிரச்சினைக்கு எல்லைக் குழப்பம் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்டப் பணிமனை யாழ். மாவட்டச் செயலகத்தில், அதாவது கண்டி வீதிக் கச்சேரியில் இருக்கிறது. மாவட்டம் முழுவதும் அதற்குள். அவசரமென்றால் 1977 என்ற இலக்கம். கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்புவதென்றால்: இல. 27, வோக்ஷால் வீதி, கொழும்பு 02.

தமிழிலேயே எழுதுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி விடயம் மங்கிப்போவதைவிடத் தெளிவான தமிழ் எவ்வளவோ மேல். தொலைபேசியில் சிங்களத்தில் பதில் வந்தால் தமிழில் கதைப்பவரிடம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாட்சி சேர்ப்பது

படம் எடுப்பதில்தான் பாதி முறைப்பாடு நிற்கிறது. குறைந்தது மூன்று படம் தேவை. ஒன்று தூரத்திலிருந்து: கடையின் பெயர்ப்பலகையும் பொய்ப் பலகையும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும், பக்கத்துக் கட்டடமோ சந்தியோ தெரிந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது கிட்டத்தில்: எல்லா எழுத்தும், கீழ் ஓரத்துச் சின்ன எழுத்து உட்பட, வாசிக்கத்தக்கதாக. மூன்றாவது உள்ளே இருக்கும் விலைச்சீட்டு அல்லது பற்றுச்சீட்டு. பொய்ப் பலகையை மட்டும் வெட்டி எடுத்த படம் எந்தக் கடையினது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரர் "அது என்னுடையதில்லை" என்றால் அதோடு சரி.

சின்ன எழுத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? "50%" ஆள் உயரத்தில் இருக்கும், அதன் பக்கத்தில் "வரை" விரல் நகம் அளவில் ஒட்டியிருக்கும். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்பது அடியில் மண்ணோடு மண்ணாக இருக்கும். "வரை" இருப்பதால் மட்டும் கடைக்காரர் தப்பிவிட முடியாது. ஆனால் அதைக் கவனிக்காமல் "50% என்று பொய் சொல்கிறார்" என்று நீங்கள் எழுதினால் உங்கள் முறைப்பாடுதான் பொய்யாகும். ஆகவே காசாளரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "50% கழிவு எந்தெந்தப் பொருளுக்கு?" ஒன்றுமே இல்லையென்றால் அது தெளிவான பொய். இரண்டு பொருள் மட்டும்தான் என்றால், ஆயிரம் பொருளுள்ள கடையில் இரண்டு என்று எழுதுங்கள். சொன்ன பதிலை வெளியே வந்தவுடன் நேரத்தோடு குறித்துவையுங்கள்.

உள்ளே படம் எடுக்கும்போது வாக்குவாதம் வந்தால் விட்டுவிடுங்கள். வீதியில் நின்று எடுத்த படமும் ஒரு பற்றுச்சீட்டும் பெரும்பாலும் போதும். பற்றுச்சீட்டைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும், சட்டத்தின் 28ஆம் பிரிவு. "கொம்பியூட்டர் வேலை செய்யேல்லை" என்றால் துண்டுக் கடதாசியில் என்றாலும் பொருள், விலை, திகதி, கையொப்பம் வாங்குங்கள். பற்றுச்சீட்டில் இருக்கும் பெயரையும் பாருங்கள். பலகையில் ஒரு பெயரும் பதிவில் வேறு பெயரும் இருப்பது சாதாரணம். முறைப்பாட்டில் இரண்டையும் எழுதாவிட்டால் பரிசோதகர் தேடும் பெயர் ஒன்று, கிடைக்கும் பெயர் இன்னொன்று.

வெப்பத்தாளில் அச்சிடும் பற்றுச்சீட்டுகள் எங்கள் வெயிலுக்குச் சீக்கிரம் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோக் கொப்பி எடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லமினேற் பண்ணப்போனால் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்து, சாட்சி அந்த இடத்திலேயே போய்விடும்.

படங்களின் மூலப் பிரதியைக் கைபேசியிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிவிடும், எடுத்த திகதி நேரத் தகவலும் போய்விடும்.

விலைச்சீட்டின் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால், உரித்துப் பார்க்க ஆசை வரும். உரிக்க வேண்டாம். சீட்டை அகற்றுவதும் மாற்றுவதும் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம், கடைக்காரர் அதை உங்கள் மேலேயே திருப்பலாம். ஓரம் தூக்கியிருக்கும் கோணத்தில் படம் எடுங்கள். அல்லது அப்படியே வாங்கி, உரிக்காமல் பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.

"முன்னைய விலை 5,000, இப்போது 2,500" வகைதான் நிரூபிக்க மிகக் கடினம். முன்னைய விலை உண்மையில் இருந்ததா என்று காட்ட வேண்டும். கழிவு தொடங்க முன் அதே கடையின் முகநூல் பக்கத்தில் போட்ட பழைய விலைப் பதிவு கிடைத்தால் வேலை சுலபம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன் பெரிய பொருள் வாங்க நினைப்போர் ஒரு மாதம் முதலே விலைச்சீட்டைப் படமெடுத்து வைத்தால், கழிவு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்.

இணைய விளம்பரமென்றால் பக்கத்தின் முழு முகவரி, விளம்பரம் தெரிந்த திகதி, அவர்கள் தந்த தொலைபேசி இலக்கம், காசு போட்ட வங்கிக் கணக்கு இலக்கம், கூரியர் பொதியின் மேலுள்ள அனுப்புநர் சீட்டு. பக்கத்தின் பெயரை மட்டும் தந்தால் அது மறுநாள் பெயர் மாறியிருக்கும். பொதியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்தால் "நாங்கள் அனுப்பியது இதில்லை" என்ற பேச்சு எழாது.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பலகை சொன்னது, உண்மையில் இருந்தது, இரண்டுக்கும் உள்ள இடைவெளி, நீங்கள் கேட்பது. இந்த வரிசையில் எழுதினால் பரிசோதகர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போகலாம். மாதிரி ஒன்று:

*மாவட்டப் பொறுப்பதிகாரி,*
*பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை,*
*மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்.*

*விடயம்: பிழையாக வழிநடத்தும் விளம்பரப் பலகை (2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 30)*

*(1) ........ வீதி, இல. ....இல் இயங்கும் ........ என்னும் கடையின் (பற்றுச்சீட்டில் உள்ள பெயர்: ........) வாசலில் "அனைத்துப் பொருட்களுக்கும் 50% கழிவு" என்ற பதாகை ........ஆம் திகதி பி.ப. .... மணிக்குக் காணப்பட்டது. படம் 1, 2.*

*(2) அதே நேரத்தில் உள்ளே ........ என்னும் பொருளை வாங்கியபோது கழிவு வழங்கப்படவில்லை. விலை ........ ரூபா. பற்றுச்சீட்டு இல. ........ படம் 3. கழிவு "சேட்டுக்கு மட்டும்" என்று காசாளர் கூறினார்.*

*(3) பதாகையில் அவ்வாறான வரையறை எதுவும் இல்லை.*

*(4) கடையைப் பரிசோதித்துச் சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறும், எடுத்த நடவடிக்கையை எனக்கு அறியத்தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.*

*பெயர், முகவரி, தொலைபேசி, கையொப்பம், திகதி.*

இவ்வளவுதான். "இந்தக் கடைக்காரர் எப்போதும் இப்படித்தான், ஊரே சொல்லும்" என்பதைச் சேர்க்காதீர்கள். நிரூபிக்க முடியாத ஒரு வரி நிரூபித்த மூன்று வரியையும் பலவீனப்படுத்தும். கடைக்காரரின் சாதி, சமயம், ஊர், கட்சி எதுவும் கடிதத்தில் வரக்கூடாது என்று சொல்லவே தேவையில்லை. ஆனாலும் வருகிறது.

காசு திரும்ப வேண்டுமென்றால் அதைத் தனியாக, தெளிவாகக் கேளுங்கள். 30ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போய் நீதவான் நீதிமன்றத்தில் தண்டம் விதித்தால் அந்தத் தண்டம் அரசுக்கு, உங்கள் கைக்கு ஒரு சதமும் வராது. உங்கள் காசுக்கு வழி 13ஆம் பிரிவு: உத்தரவாதத்துக்கோ குறித்த தரத்துக்கோ ஒவ்வாத பொருளை விற்றால் அதிகார சபை விசாரித்து நட்டஈடு கொடுக்கவும், பொருளை மாற்றிக் கொடுக்கவும், காசைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிடலாம். அதற்கு எழுத்தில் முறையிட வேண்டும், வாங்கி 3 மாதத்துக்குள். கடைக்காரர் "நாளைக்கு வாங்கோ, அடுத்த கிழமை வாங்கோ" என்று இழுப்பது சிலவேளை இந்த மூன்று மாதம் கழியட்டும் என்றுதான். "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பலகை மாட்டியிருப்பதால் இந்த உரிமை இல்லாமல் போகாது.

பெயர் தெரியாமல் முறையிடலாமா?

எங்கள் ஊரில் இது பெரிய கேள்வி. கடைக்காரர் ஒழுங்கையில் மூன்றாம் வீட்டுக்காரராக இருப்பார், அல்லது சித்தப்பா முறையாக இருப்பார். 1977க்கு அழைக்கும்போதும் பணிமனையிலும் பெயரை வெளிவிட வேண்டாம் என்று கேட்கலாம். ஆனால் பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துவிட்டுப் பெயரை மறைப்பதில் அர்த்தமில்லை. அதிலுள்ள இலக்கமும் நேரமும் போதும், கடைக்காரர் கமராவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பார். மறைவாக இருக்க விரும்பினால் பற்றுச்சீட்டைக் கொடுக்காமல், பலகையின் படத்தை மட்டும் கொடுத்து, வழமையான பரிசோதனையாகப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதகர் தாமே பொருள் வாங்கிப் பார்க்கலாம். காசு திரும்பக் கேட்கும் 13ஆம் பிரிவு விசாரணைக்கு இது சரிவராது. அங்கே நீங்களும் ஒரு தரப்பு, அழைத்தால் போய் இருக்க வேண்டும்.

வேறு மேசைக்குப் போகும் விளம்பரங்கள்

*சாப்பாடு.* "சுத்தமான பனங்கட்டி" என்று எழுதிய குட்டானுக்குள் சீனி, "செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்" போத்தலுக்குள் வேறு எண்ணெய். இவற்றைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். பீ.எச்.ஐ. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவர் கையில். இங்கே பலர் செய்யும் பிழை, வீட்டில் பாதி பாவித்த போத்தலைக் கொண்டுபோய்ப் "பரிசோதியுங்கள்" என்பது. திறந்த போத்தலுக்குள் என்ன கலந்தது என்று யார் பொறுப்பெடுப்பது? வழக்குக்கு நிற்கும் மாதிரியைப் பீ.எச்.ஐ. கடையிலேயே முறைப்படி எடுத்து, முத்திரையிட்டு, பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே நீங்கள் கொடுக்க வேண்டியது போத்தலைவிட முக்கியமாக மூன்று தகவல்: கடை, சீட்டிலுள்ள தொகுதி இலக்கம், காலாவதித் திகதி. அதே தொகுதி கடைத் தட்டில் இருக்கும்போதே சொன்னால்தான் பிரயோசனம்.

போத்தல் தண்ணீருக்கு எஸ்.எல்.எஸ். 894 என்ற தர இலக்கம் இருக்கும். இலக்கம் இல்லாமல் எஸ்.எல்.எஸ். எழுத்தை மட்டும் அழகுக்குப் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

*குளிர்ச்சோடா* ஒரு சின்ன விடயம், ஆனால் தினமும் நடப்பது. போத்தலில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் "கூல் பண்ணின காசு" என்று அறவிட முடியாது. இது பாவனையாளர் அதிகார சபைக்கு. 1977 போதும்.

*மருந்தும் சுகமும்.* "சலரோகம் 21 நாளில் பூரண சுகம்", "மூட்டுவலிக்கு ஒரே எண்ணெய்" வகை மின்கம்பச் சுவரொட்டிகள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய முடியாது. மருந்தென்றால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வருகிறது, விளம்பரத்துக்கே அனுமதி வேண்டும். அது உணவா, மருந்தா, ஆயுள்வேதமா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையல்ல. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையிலுள்ள உணவு, மருந்துப் பரிசோதகருக்குச் சுவரொட்டியின் படத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள்.

*புகையிலையும் மதுவும்.* பெட்டிக்கடை முகப்பில் சிகரெட் அல்லது பியர் நிறுவனப் பெயர் இருந்தால் உள்ளடக்கத்தைப் பற்றி விவாதமே தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி அந்த விளம்பரமே தடை. புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபையின் இலக்கம் 1948.

*நிறை.* பையில் 5 கிலோ, தராசில் குறைவு என்றால் கச்சேரியிலுள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களப் பரிசோதகருக்கு. வீட்டுத் தராசில் நிறுத்த கணக்கை அவர் ஏற்கமாட்டார். பிரிக்காத பையோடு போங்கள்.

*வெளிநாட்டு வேலை.* இங்கே ஏமாற்றப்படுவது சில நூறு ரூபாவல்ல, காணியும் நகையும். உரிமம் பெற்ற முகவர்தான் ஆள் சேர்க்கலாம். விளம்பரத்தில் உரிம இலக்கம் இருக்க வேண்டும், விளம்பரத்துக்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி வேண்டும். இலக்கத்தை அப்படியே நம்பாமல் 1989க்கு அழைத்து, இந்த முகவருக்கு இந்த நாட்டுக்கு இந்த வேலைக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். சவூதிக்கு அனுமதி வைத்துக்கொண்டு ருமேனியாவுக்கு விளம்பரம் செய்வோருக்கு உரிம இலக்கம் உண்மையாகவே இருக்கும். பிரதேச செயலகத்தில் இதற்கென வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், நேரில் கேட்கலாம். "ஐஈஎல்டிஎஸ் இல்லாமல் கனடா" என்பது மாணவர் விசா, சுற்றுலா விசா என்ற போர்வையில் வந்தால் பணியகம் கைவிரிக்கலாம். காசு கைமாறியிருந்தால் நேரே பொலிஸ் நிலையத்தில் மோசடி முறைப்பாடு. விளம்பரத் துண்டு, வங்கிச் சிட்டை, குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

*படிப்பு.* "அரச அங்கீகாரம் பெற்றது" என்ற பலகைக்கு ஒரு கேள்வி போதும்: எந்த அரச நிறுவனம், பதிவு இலக்கம் என்ன? தொழிற்பயிற்சி நிலையமென்றால் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்க வேண்டும். நிலையத்தின் பதிவும் அந்தக் குறித்த பாடநெறிக்கான அங்கீகாரமும் இரண்டு வேறு விடயங்கள். முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் சேர்த்து விற்பார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைச் சட்டகம் போட்டு "அங்கீகாரம்" என்று காட்டுவோரும் உண்டு. பலசரக்குக் கடைக்கும் அதே சான்றிதழ்தான் கொடுக்கப்படுகிறது.

*வட்டியும் முதலீடும்.* மாதம் இத்தனை வீதம் நிச்சய இலாபம், ஆள் சேர்த்தால் மேலதிகம் என்றால் அது கூம்பகத் திட்டம். வங்கிச் சட்டத்தின் கீழ் தடை. மத்திய வங்கியின் 1935.

கொடுத்த பிறகு

நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் பணிமனை முத்திரையும் திகதியும் வைத்துத் தரச் சொல்லுங்கள். தபாலென்றால் பதிவுத்தபால், சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்திவையுங்கள். தொலைபேசி முறைப்பாடென்றால் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வைக்காதீர்கள். இவை இல்லாதவருக்கு அடுத்த படி இல்லை.

பரிசோதகர் போகும் நாளில் பதாகை கழற்றப்பட்டிருந்தால் வேலை வீண் என்று நினைக்க வேண்டாம். பதாகை போய்விட்டது, அது ஒரு பலன். திரும்பவும் கட்டினால் பழைய முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டுப் புதுப் படத்தோடு எழுதுங்கள், இரண்டாவது கடிதத்துக்கு நிறை கூட.

இரண்டு மூன்று கிழமையில் ஒரு தரம் கேளுங்கள். மரியாதையாக, இலக்கத்தைச் சொல்லி. மாவட்டம் முழுவதற்கும் பரிசோதகர்கள் சிலர்தான், பண்டிகைக் காலத்தில் அவர்கள் சந்தைகளில் நிற்பார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும், பிரதேச சபை உட்பட, தகவல் அலுவலர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எழுதும்போது "ஏன் இன்னும் ஒன்றும் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் தருவது கோப்பில் இருக்கும் தகவலை, விளக்கத்தை அல்ல. இப்படிக் கேளுங்கள்: ........ஆம் திகதிய என் முறைப்பாட்டின் கோப்பு இலக்கம் என்ன? பரிசோதனை நடந்த திகதி எது? பரிசோதனை அறிக்கையின் பிரதி தரவும். வழக்குத் தாக்கலாகியிருந்தால் நீதிமன்றமும் வழக்கு இலக்கமும் என்ன? பலகையென்றால்: இந்த இடத்தில் விளம்பரப் பலகைக்கு அனுமதி வழங்கப்பட்டதா, அனுமதியின் பிரதி, அறவிட்ட கட்டணம்.

14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமலிருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தகவல் கோரிக்கை மேசைக்கு வந்ததுமே கிடப்பிலிருக்கும் கோப்பு எழும்புவது வழமை.

இந்த நாள் கணக்கெல்லாம் நிரந்தரக் கடைகளுக்கு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குப் போடும் தற்காலிகக் கடைக்கு எழுதிய கடிதம் போய்ச் சேரும்போது கடைக்காரர் வேறு கோயில் திருவிழாவில் நிற்பார். அங்கே விலைப்பட்டியல் இல்லாத ஐஸ்கிறீம் கடையோ, "இன்றைக்கு மட்டும்" என்று தினமும் கத்தும் பாத்திரக் கடையோ கண்டால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லுங்கள். மாநகர சபை ஆட்களும் பீ.எச்.ஐ.மாரும் அந்த நாட்களில் கோயிலடியில் நிற்பார்கள். கடையின் இலக்கம் தகரத்தில் எழுதியிருக்கும். அதையும், நீங்கள் நின்ற வீதி கோயிலின் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் தேடி அலையத் தேவையில்லை.